லிபர்டேரியன் சமூகம் நடைமுறையில் நிற்குமா?

கேள்வி இதுதான்: "வரி இல்லை, உரிமம் இல்லை. அரசு என்றால் காவலும் நீதிமன்றமும் மட்டும். சிலர் அதுகூட வேண்டாம் என்கிறார்கள். இப்படி ஒரு சமூகம் உண்மையில் நடக்குமா? ஒரு நண்பர், ஐஸ்லாந்தில் முந்நூறு ஆண்டு நடந்ததே என்கிறார். இன்னொருவர் சோமாலியாவைப் பார் என்கிறார். யார் சொல்வது சரி? நீங்கள் அப்படி ஓர் ஊரில் குடியிருப்பீர்களா?"

உங்கள் நண்பர்கள் ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். ஐஸ்லாந்துக்காரர் அது எப்படி நின்றது என்று சொல்லிவிட்டு, எப்படி விழுந்தது என்பதை விட்டுவிடுகிறார். சோமாலியாக்காரர் விழுந்ததைக் காட்டுகிறார். விழுந்தது எது என்று சொல்லவில்லை. என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நடக்கும். சின்ன இடத்தில், சில தலைமுறைகளுக்கு, நம்மில் பலர் நினைப்பதைவிட நன்றாகவே நடக்கும். குழப்பமும் கொள்ளையும் வந்து அதைக் கவிழ்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் படித்த வரையில் கதை வேறு மாதிரி போகிறது: காவல் கொடுப்பவர்கள் முதலில் பலர் இருப்பார்கள், பிறகு சிலர் ஆவார்கள், கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். அதைத் தடுக்கும் வேலை அந்த ஏற்பாட்டில் யாருக்கும் இல்லை.

பெயர் பற்றி ஒரு சொல். தமிழில் இதற்குப் பொருந்தும் வார்த்தை இன்னும் அமையவில்லை. 'தாராளவாதம்' என்றால் லிபரலிசத்துக்குப் போய்விடும், 'சுதந்திரவாதம்' என்றால் உப்புச் சத்தியாகிரகம் ஞாபகத்துக்கு வரும். ஆகவே லிபர்டேரியன் என்றே எழுதுகிறேன். அவர்களுக்குள் இரண்டு வீடு. ஒரு வீட்டார் காவல், நீதிமன்றம், ராணுவம் மட்டும் அரசிடம் இருக்கட்டும் என்பார்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் அந்தப் பக்கம். மற்ற வீட்டார் அந்த மூன்றையும் சந்தையே கொடுக்கும் என்பார்கள்; அமெரிக்கப் பொருளாதாரக்காரர்கள் மறே ராத்பார்டும் டேவிட் ஃப்ரீட்மனும் இந்தப் பக்கம். சந்தைப் பொருளாதாரத்துக்குப் பேர்போன மில்டன் ஃப்ரீட்மனின் மகன்தான் இந்த டேவிட். அப்பாவைவிட நாலு அடி தள்ளிப் போன பிள்ளை.

அவர்களுக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுவோம். விலையையும் உற்பத்தியையும் அரசு கையில் பிடித்தால் என்ன ஆகும் என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் பலித்தது. அதற்கு வெளிநாடு போக வேண்டாம். 1952-ல் ராஜாஜி சென்னை மாகாண முதல்வரானதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தது. பஞ்சம் வரும் என்று பலர் பயந்தார்கள், வரவில்லை. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று அவர் வைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கூட்டருக்கும் தொலைபேசிக்கும் வருடக்கணக்கில் பேர் பதிந்து காத்திருந்த வீடுகளுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதே இல்லை. (அதே ராஜாஜி 1967-ல் கூட்டணி வைத்தது 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று ரூபாய்க்கு அரிசி கொடுப்பதாகச் சொன்ன தி.மு.க.வோடு. சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்ததும் அந்தத் தேர்தலில்தான். கொள்கை ஒரு பக்கம், தேர்தல் ஒரு பக்கம்.)

ஆனால் அரிசிக் கடையைச் சந்தையிடம் விடுவதும், அரிசிக் கடையைக் கொள்ளையடிப்பவனைப் பிடிக்கும் வேலையைச் சந்தையிடம் விடுவதும் வேறு வேறு. விவாதங்களில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன. முதலாவதுக்கு நூறு சான்று காட்டிவிட்டு இரண்டாவதும் நிரூபணமாகிவிட்டது போலப் பேசுகிறார்கள். உங்கள் கேள்வி இரண்டாவதைப் பற்றியது. அதற்கு இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் ஐஸ்லாந்துதான். அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நார்வேயிலிருந்தும் பிரிட்டன் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தில் குடியேறினார்கள். 930-ல் திங்வெல்லிர் என்ற பாறைச் சமவெளியில் அல்திங் என்ற பொதுக்கூட்டத்தை ஏற்படுத்தினார்கள். ஆண்டுதோறும் கோடையில் இரண்டு வாரம் கூடும். சட்டம் இயற்றுவது, வழக்கு விசாரிப்பது, கல்யாணம் பேசுவது, பழைய கடனைக் கேட்பது எல்லாம் அங்கேதான். அரசன் கிடையாது, படை கிடையாது, போலீஸ் கிடையாது. சம்பளம் வாங்கிய அலுவலர் ஒரே ஒருவர்: சட்டம் சொல்பவர். பதவிக்காலம் மூன்று ஆண்டு. எழுத்து வருவதற்கு முன்பு மொத்தச் சட்டமும் அவருக்கு மனப்பாடம். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை, கூடியிருப்பவர்கள் காதில் விழும்படி அவர் சொல்ல வேண்டும்.

இதில் லிபர்டேரியன்களை மயக்கிய பகுதி கோதிகள். கோதி என்றால் தலைவன். முதலில் 36 தலைமைகள் இருந்தன, 965 வாக்கில் நடந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு 39. இந்தத் தலைமைக்கும் நிலத்துக்கும் எல்லைக்கோடு கிடையாது. அது ஒரு சொத்து. விற்கலாம், வாங்கலாம், பங்கு போடலாம், பிள்ளைக்கு விடலாம். ஒவ்வொரு விவசாயியும் ஏதாவது ஒரு கோதியின் ஆளாக இருந்தாக வேண்டும். எந்தக் கோதி என்பது அவன் விருப்பம். பிடிக்காவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கோதியிடமும் நீங்கள் இன்னொரு கோதியிடமும் இருக்கலாம். சிம் கார்டு மாற்றுவது மாதிரிதான்.

தீர்ப்பு வரும், நிறைவேற்ற ஆள் வராது. வென்றவனே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். அப்படியானால் ஏழை என்ன செய்வான்? இங்கேதான் ஒரு நல்ல யோசனை வைத்திருந்தார்கள். வழக்கு போடும் உரிமையையே அவன் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். என் அண்ணனைக் கொன்றவனிடமிருந்து இழப்பீடு வாங்க எனக்குப் பலம் இல்லை என்றால், பலம் உள்ளவனிடம் அந்த உரிமையை ஒப்படைத்துவிடுவேன். வருவதில் அவனுக்கும் பங்கு. கொலைக்குக்கூடப் பெரும்பாலும் பணம்தான் தண்டனை. பணம் கட்ட மறுத்தால் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்டவனை யார் கொன்றாலும் கேள்வி இல்லை. டேவிட் ஃப்ரீட்மன் 1979-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு இந்த விவாதத்தில் ஐஸ்லாந்து வராமல் இருந்ததில்லை.

இது கற்பனை இல்லை, நடந்த கதை. ஆயிரமாவது ஆண்டு வாக்கில் கிறிஸ்தவர்களும் பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்களும் ஆயுதத்தோடு நேருக்கு நேர் நின்றார்கள். மற்ற நாடுகளில் என்றால் ஆறு ஓடியிருக்கும், ரத்தத்தில். இங்கே முடிவைச் சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் விட்டார்கள். அவர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்திருந்தார் என்கிறார்கள் அவர்களுடைய பழைய நூலாசிரியர்கள். எழுந்து வந்து, எல்லோரும் கிறிஸ்தவர்களாவோம், வீட்டுக்குள் யாராவது ரகசியமாகப் பலி கொடுத்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்றார். அவரே பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர். ஏற்றுக்கொண்டார்கள். அரசு இல்லாத நாடு இதைவிட நாகரிகமாக நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மூன்று விஷயங்களை ஐஸ்லாந்து நண்பர்கள் சொல்வதில்லை.

அடிமைகள் இருந்தார்கள். கோதியை மாற்றும் சுதந்திரம் பண்ணை நடத்திய வீட்டுத் தலைவனுக்குத்தான். அடிமைக்கும் கூலியாளுக்கும் அந்தப் பேச்சே கிடையாது. பெண் கோதியின் தலைமையைச் சொத்தாகப் பெறலாம், அதை நடத்த முடியாது.

அடுத்தது ஹ்ரெப் என்ற அமைப்பு. எனக்கு இது மிகவும் பிடித்த விவரம். குறைந்தது இருபது பண்ணைகள் சேர்ந்தது ஒரு ஹ்ரெப். வீடு தீப்பிடித்தாலும் மாடு கூட்டமாகச் செத்தாலும் எல்லோரும் பங்கு போட்டு ஈடு கட்டுவார்கள். கதியற்றவர்களுக்குச் சோறு போடுவதும் இதன் பொறுப்பு. காப்பீடும் சமூகநலமும் அரசு இல்லாமலே நடந்ததற்கு இதைத்தான் காட்டுவார்கள். உண்மைதான், நடந்தது. ஆனால் கோதியைப் போல ஹ்ரெப்பை உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் பண்ணை இருந்தால் நீங்கள் அதில் உறுப்பினர். அரசன் இல்லாத நாட்டில் விருப்பத்துக்கு இடமில்லாத பகுதி இதுதான். கோதிகளின் தலைமைகள் மறைந்து எழுநூறு ஆண்டு ஆயிற்று. ஹ்ரெப் என்ற பெயரில் ஊராட்சிகள் அந்த நாட்டில் இன்றும் இருக்கின்றன.

மூன்றாவதுதான் விஷயத்தின் மையம். 1096-ல் அல்திங் ஒரு சட்டம் போட்டது. சர்ச்சுக்கு ஒவ்வொரு பண்ணையாரும் ஆண்டுக்குத் தன் சொத்து மதிப்பில் நூற்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்தப் பணம் நான்கு பங்காகும்: ஆயருக்கு, பாதிரியாருக்கு, சர்ச் கட்டடத்துக்கு, ஏழைகளுக்கு. இதில் என்ன தப்பு என்று தோன்றும். சர்ச்சுகள் இருந்த நிலம் யாருடையது என்று பார்த்தால் புரியும். பெரும்பாலும் தலைவர்கள் தங்கள் பண்ணையில் தாங்களே கட்டிய சர்ச்சுகள். பாதிரியாரையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஆக, நான்கில் இரண்டு பங்கு அவர்கள் கைக்குள் வந்து விழுந்தது. கோதியைப் பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாம், சரி. சர்ச் பங்கை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? ஆட்கள் விட்டுப் போனாலும் குறையாத வருமானம் கோதிகளில் சிலருக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

பிறகு நடந்ததைக் கணக்குத் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். அந்த வருமானம் உள்ளவன் மற்றவனுடைய தலைமையை விலைக்கு வாங்கினான். தலைமை சொத்துதானே, வாங்குவதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. பெண் கொடுத்து எடுத்துச் சேர்த்தார்கள், மிரட்டியும் சேர்த்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கியபோது நாடு ஏறக்குறைய ஆறு குடும்பங்களின் கையில் இருந்தது. ஒரு பிராந்தியத்தின் தலைமைகள் எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால், கோதியை மாற்றும் உரிமை ஏட்டில் இருக்கும். மாறிப் போக இன்னொரு கோதி இருக்க மாட்டான். 1220 தொடங்கி நாற்பது ஆண்டு இந்தக் குடும்பங்கள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. 1238-ல் ஓர்லிக்ஸ்ஸ்தாதிர் என்ற இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மோதினார்கள். சட்டம் சொல்பவராக இருந்தவரும் மாபெரும் எழுத்தாளருமான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1241-ல் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஆட்களைக் கூட்டி வந்த கிஸ்ஸுர் அவருடைய முன்னாள் மருமகன். கிஸ்ஸுருக்குப் பின்னால் நின்றவர் நார்வே மன்னர் ஹாகோன். 1262 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் ஐஸ்லாந்துத் தலைவர்கள் அந்த மன்னருக்கு வரி கட்டச் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். பல விவசாயிகள் அதை நிம்மதியோடு வரவேற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆறு பேருக்குப் பயந்து வாழ்வதைவிடக் கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்கு வரி கட்டுவது மேல்.

லிபர்டேரியன் நண்பரின் பதில் எனக்குத் தெரியும், நியாயமானதும்கூட: "முந்நூறு ஆண்டுக்கு மேல் நின்றதே, அமெரிக்கக் குடியரசுக்கு இன்னும் அவ்வளவு வயது ஆகவில்லை. தவிர, அதைக் கெடுத்தது சர்ச்சும் நார்வே மன்னரும். இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. கடைசி நாற்பது ஆண்டுச் சண்டையில் மிகக் கொடியதிலேயே செத்தது நூறு பேர் அளவில்தான். அந்தக் காலத்து ஐரோப்பிய மன்னர்கள் ஒரு பிற்பகலில் அதைவிட அதிகம் கொன்றார்கள்."

எண்களில் தகராறு இல்லை. 'வெளியிலிருந்து வந்தது' என்பதில்தான் எனக்கு மறுப்பு. அந்தச் சட்டத்தைப் போட்டது அல்திங். கை தூக்கியவர்கள் அதே கோதிகள். தலைமைகளை விற்றதும் வாங்கியதும் அவர்கள்தான். நார்வே மன்னர் தானாக வந்து இறங்கவில்லை, ஒருவரை ஒருவர் ஒழிக்க அவர்களே அவரிடம் போய் நின்றார்கள். சர்ச் பணம் இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்திருக்கும்: ஒரு துறைமுகம், ஒரு கணவாய், ஒரு வெள்ளிச் சுரங்கம். காவல்காரர்களில் ஒருவனுக்கு விட்டுப் போகாத வருமானம் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவர்களின் போட்டி மெல்லச் சாகிறது. அப்படிப்பட்டவனை ஒடுக்க மேலே ஒருவர் வேண்டும். மேலே ஒருவர் இருந்தால் அது இந்த ஏற்பாடு இல்லை.

நம் மொழியில் இதற்குப் பழமொழியே இருக்கிறது: தடி எடுத்தவன் தண்டல்காரன். தண்டல்காரன் என்றால் வரி வசூலிப்பவன். இந்தப் பழமொழி வெறும் கேலியாகத் தோன்றலாம், அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' வரும். பெயர் காவல், நிற்கும் இடம் வரிகளின் வரிசை. பதினெட்டாம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீமையில் ஊருக்கு ஸ்தலக்காவலும் வட்டாரத்துக்குத் தேசகாவலும் இருந்தன. ஊர் காவல்காரருக்குக் கூலி கொடுக்கும், களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். கேட்க அருமையான ஒப்பந்தம். பாளையக்காரர்கள் தேசகாவலைத் தங்கள் பாளையத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் நீட்டினார்கள். காவலுக்கு ஆள் தேவையில்லை என்று அந்த ஊர் சொல்லிவிட முடிந்ததா என்பதுதான் கேள்வி. கொடுக்காத ஊரில் களவு நடக்கும் என்று எழுதி வைத்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். பாளையக்காரர்களை ஒழிக்கக் காரணம் தேடிய ஆட்கள் என்பதால் அவர்கள் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் களவுபோன மாட்டை மீட்டுத் தரக் கொடுத்த 'துப்புக்கூலி' என்ற சொல்லைக் கம்பெனி உருவாக்கவில்லை. அது ஊர் வழக்கு. மாட்டைத் தேடுபவனும் ஓட்டிப் போனவனும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இப்போது சோமாலியா. 1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரே தலைநகர் மொகதிஷுவை விட்டு ஓடியதும் அந்த நாட்டில் மத்திய அரசு என்று ஒன்று இல்லாமல் போனது. 'உங்கள் சொர்க்கத்துக்கு டிக்கெட் போட்டுத் தரட்டுமா?' என்று லிபர்டேரியன்களைக் கிண்டல் செய்ய இதுதான் வசதியான உதாரணம். ஆனால் கிண்டல் செய்பவர்கள் பாரேயின் அரசு என்னவாக இருந்தது என்று பார்ப்பதில்லை. 1988-ல் தன் சொந்த நாட்டு நகரமான ஹர்கெய்சாவின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்ட அரசு அது. பீட்டர் லீசன் என்ற பொருளாதார அறிஞர் 2007-ல், அரசு இருந்த கடைசி ஆண்டுகளையும் அரசு இல்லாத ஆண்டுகளையும் ஒப்பிட்டார். ஆயுட்காலம் கூடியிருந்தது, குழந்தை இறப்பு குறைந்திருந்தது, தொலைபேசிகள் பெருகியிருந்தன. பள்ளிச் சேர்க்கையும் எழுத்தறிவும் விழுந்திருந்தன. மோசமான அரசைவிட அரசின்மை மேல் என்பதற்கு அது சான்று. நடுத்தரமான அரசைவிட மேல் என்பதற்கு இல்லை.

அங்கே நீதி குலவழியாக நடந்தது. 'ஹெர்' என்ற வழக்குச் சட்டம், குலப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள், கொலைக்கு ஒட்டகத்தில் கணக்கு. ஓர் ஆணுக்கு நூறு, பெண்ணுக்கு அதில் பாதி. பெரிய குலத்தில் பிறந்தவனுக்கு அது நல்ல காப்பீடு. சிறுபான்மைக் குலத்தவன் ஒட்டகம் கேட்டுப் போனால் கொடுக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வல்லான் வகுத்ததே வாய்க்கால். குலத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

ஐஸ்லாந்தோடு பொருந்தும் இடம் மொகதிஷுவின் வியாபாரிகள். துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு ஒரு லாரி வர எத்தனையோ தடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படைத்தலைவனின் ஆள் கை நீட்டுவான். பல காவல்காரர்களுக்குப் பணம் கொடுத்து அலுத்துப்போன வியாபாரிகள் இஸ்லாமிய நீதிமன்றங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2006-ல் அந்த நீதிமன்றங்களின் கூட்டமைப்பு படைத்தலைவர்களைத் துரத்தியது, தடைகள் போயின, பத்து ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த விமான நிலையமும் துறைமுகமும் திறந்தன. அதாவது சந்தை இருந்தது, பணம் இருந்தது, பல காவல் நிறுவனங்கள் இருந்தன. அந்தச் சந்தையில் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கியது ஒரே காவல்காரனை. ஆறே மாதத்தில் எத்தியோப்பியப் படை வந்து அதையும் கலைத்தது வேறு கதை. வடக்கே சோமாலிலாந்துக்காரர்கள் 1993-ல் பொராமா என்ற ஊரில் குலப் பெரியவர்களை மாதக்கணக்கில் உட்காரவைத்துப் பேசி ஓர் அரசைக் கட்டிக்கொண்டார்கள். அரசின்மை நன்றாக இருந்திருந்தால் அவ்வளவு தூரம் மெனக்கெட்டிருப்பார்களா?

அமெரிக்காவின் கிராஃப்டன் கதையைப் பலர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள், கரடிக்காக. நியூ ஹாம்ப்ஷயரில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. 2004 முதல் லிபர்டேரியன்கள் நாடு முழுவதிலிருந்தும் வந்து குடியேறி, ஊர்க்கூட்டத்தில் வாக்களித்து, பட்ஜெட்டை வெட்டினார்கள். சாலைக் குழிகள் பெருகின, வழக்குகள் பெருகின, குப்பையை ஒழுங்காக மூடி வைக்காத வீடுகளுக்கும் சாப்பாடு போட்ட வீடுகளுக்கும் கரடிகள் வரத் தொடங்கின. ஒரு செய்தியாளர் இதைப் புத்தகமாகவே எழுதினார். சிரிக்க நல்ல கதை. ஆனால் அங்கே மாநில அரசு இருந்தது, நீதிமன்றம் இருந்தது, கரடியை நினைத்தபோதெல்லாம் சுடக் கூடாது என்ற சட்டமும் இருந்தது. சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்திப் பார்த்த மாதிரி. அதை வைத்து எந்தப் பக்கமும் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது.

எனக்கு அதைவிட உறுத்தியது டென்னசி மாநிலத்தில் 2010-ல் நடந்தது. சவுத் ஃபுல்டன் என்ற சிற்றூரின் தீயணைப்புப் படை, ஊர் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால்தான் வரும். கட்டாத ஒரு குடும்பத்தின் வீடு தீப்பிடித்தது. படை வந்தது, பணம் கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டது, வீடு எரிந்து சாம்பலாகும்வரை நின்று பார்த்தது. எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம் என்று அந்த இடத்திலேயே கெஞ்சியும் பயனில்லை. அந்தப் படை ஊராட்சியுடையது, தனியார் நிறுவனம் இல்லை என்று நண்பர் குறுக்கிடுவார். ஒத்துக்கொள்கிறேன். நான் பார்ப்பது அந்த 75 டாலர் விதியை. எரியும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஒருவரும் முன்கூட்டிக் கட்ட மாட்டார்கள், படையே இருக்காது. ஆகவே சந்தா முறை நிற்க வேண்டுமானால் எப்போதாவது ஒரு வீடு எல்லோர் கண் முன்னாலும் எரிந்தாக வேண்டும். கணக்கு அவ்வளவு சுத்தம். அமெரிக்கர்கள் துணிந்த சுயசார்புக்காரர்கள் என்று பெயர். அவர்களாலேயே அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, நாடு முழுக்கக் கொதித்தது.

சரி, முதல் வீட்டார் சொல்வது போலக் காவலும் நீதிமன்றமும் மட்டும் உள்ள சின்ன அரசு என்றால்? நோசிக் 1974-ல் வெளியிட்ட நூலில் இதற்கு வழி சொல்லும்போது, என் வாதத்தை அவரே பாதி எழுதிக் கொடுத்துவிட்டார். பல காவல் நிறுவனங்கள் போட்டியிட்டால் ஒரு பகுதியில் ஒன்றுதான் கடைசியில் மேலோங்கும், அதுவே யாருடைய உரிமையையும் மீறாமல் ஒரு குறைந்தபட்ச அரசாகிவிடும் என்கிறார். முதல் பாதி சரி. மேலோங்கிய அந்த ஒருவன் குறைந்தபட்சத்தோடு ஏன் நிற்க வேண்டும் என்பதற்கு அந்த நூலில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கிஸ்ஸுர் நிற்கவில்லை.

சின்ன அரசுக்கு, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஹாங்காங்கைக் காட்டுவார்கள். 1961 முதல் 1971 வரை அங்கே நிதிச் செயலராக இருந்த ஜான் கௌபர்த்வெயிட், புள்ளிவிவரம் எடுத்தால் அதிகாரிகளுக்குத் தலையிடும் ஆசை வரும் என்று நாட்டு வருமானக் கணக்கையே எடுக்க மறுத்தவர். வரி குறைவு, தடை குறைவு, வளர்ச்சி பிரமாதம். ஆனால் அந்த ஊரில் ஒரு தேவாலயத்தின் இடம் தவிர நிலம் முழுதும் அரசுடையது, மற்றவர்கள் குத்தகைக்காரர்கள். வரி குறைவாக இருக்க முடிந்ததற்கு நிலக் குத்தகைப் பணம் ஒரு பெரிய காரணம். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் நின்றபோது அரசு அடுக்குமாடி கட்டத் தொடங்கியது. பின்னாளில் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி அரசு வீட்டில் வாழும் நிலை வந்தது. அரசு பெருகாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அரசைத் தேர்ந்தெடுக்க அங்கே யாருக்கும் வாக்கு இல்லை. கவர்னர் லண்டனிலிருந்து வந்தார். வாக்கு உள்ள மக்கள் சாலை கேட்பார்கள், பள்ளிக்கூடம் கேட்பார்கள், ரூபாய்க்கு ஒரு படி அரிசியும் கேட்பார்கள். ராஜாஜிக்கு அது தெரிந்திருந்தது.

இன்றைய முயற்சிகளில் கவனிக்க வேண்டியது ஹோண்டுராஸின் ரோவதான் தீவில் உள்ள பிரோஸ்பெரா. 2013-ல் அந்த நாடு போட்ட ஒரு சட்டத்தின்கீழ் அமெரிக்க முதலீட்டாளர்கள் கட்டிய தனியார் நகரம். சொந்த விதிகள், சொந்த வரி, சொந்தத் தீர்ப்பாயம். 2022-ல் புதிய அதிபர் சியோமாரா காஸ்ட்ரோவின் ஆட்சியில் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். நகரத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? உலக வங்கியைச் சேர்ந்த முதலீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டார்கள். அரசுகள் சேர்ந்து போட்ட வர்த்தக ஒப்பந்தம், அரசுகள் சேர்ந்து வைத்த தீர்ப்பாயம். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன். வேறெங்கே போவது?

உங்கள் கடைசிக் கேள்வி, அப்படி ஓர் ஊரில் குடியிருப்பீர்களா என்பது. ஐஸ்லாந்து என்றால் எந்த ஆண்டு, எந்தப் பண்ணை என்று கேட்பேன். 1050 வாக்கில், சொந்தப் பண்ணையோடு, குதிரையில் ஒரு நாள் தூரத்துக்குள் மூன்று கோதிகள் இருக்கும் இடத்தில் என்றால் யோசிக்காமல் போவேன். அந்தக் காலத்தில் எந்த மன்னரின் குடிமகனும் அவ்வளவு நன்றாக இருந்திருக்க மாட்டான். 1240 என்றால் வேண்டாம். கூலியாளாக என்றால் எந்த ஆண்டுமே வேண்டாம். உங்கள் நண்பரிடம் இதையே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எல்லோரும் தங்களைப் பண்ணைக்காரராகத்தான் நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.